பதின்மூன்று வெள்ளி

எல்கோவின் ஜனவரி
பத்து மணிக்கும் போர்வையை விலக்காது.
வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு
நான் கடைவிளக்கைப் போட்டபோது
மைட்டே இரிபாரென் நின்றுகொண்டிருந்தாள்,
காப்பித்தூள் டப்பா ஒன்றை
அன்று ஈன்ற ஆட்டுக்குட்டியைப் போல்
மேலங்கிக்குள் அணைத்தபடி.

உள்ளே வந்ததும் கொட்டினாள்.
கொட்டாதீர்கள் என்று நான் வாயெடுப்பதற்குள்
கண்ணாடி மேசையெங்கும்
பதின்மூன்று வெள்ளி டாலர்கள்.
ஒன்றுகூட மழுங்கி ஒலிக்கவில்லை.
காது சொன்னது: கலப்படமில்லை.
கண் சொன்னது: ஐயோ.

அத்தனையும் பளபளத்தன.
சமையலறைக் குழாயடியில்
சோடாமாவு போட்டுத் துலக்கிய பளபளப்பு.

"ஐம்பத்தெட்டு, ஜூன்" என்றாள்.
"பெல்லோ வங்கியில் பதின்மூன்று தாளை நீட்டி
இவற்றை வாங்கிவந்தான்.
பலிபீடத்தின் முன்னால் என் கையில் கொட்டினான்.
எங்கள் பாஸ்க் வழக்கம்.
தன்னிடம் உள்ளதெல்லாம் இனி பெண்டாட்டிக்கு என்று பொருள்.
அவனிடம் உள்ளதே அவ்வளவுதான்."
ஒவ்வொரு ஜூனிலும் துலக்குவாளாம்.
அவன் போன பிறகும்.

வெள்ளி தானாகக் கறுக்க ஓர் ஆயுள் வேண்டும்.
பையின் துணி, மரப்பெட்டியின் மூச்சு,
யாரோ பிடித்த சுருட்டு,
எல்லாம் சேர்ந்து விளிம்பில் முதலில் மஞ்சளாய்,
பிறகு புறாக்கழுத்து நீலமாய் ஏறும்.
அந்த அழுக்குக்குத்தான் நாங்கள் பணம் கொடுக்கிறோம்.
வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த ஒருத்தியிடம்
இதை எந்த முகத்தோடு சொல்வது?

பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
பிலடெல்பியா. பிலடெல்பியா. நியூ ஆர்லியன்ஸ்.
எல்லாம் எடைக்குப் போகிறவை.
இவற்றின் உடன்பிறப்புகள் கோடிக்கணக்கில்
பதினெட்டாம் ஆண்டுச் சட்டத்தில் உலைக்குள் போய்,
கடல் கடந்து இந்தியாவில் ரூபாயாய் எழுந்தன என்பார்கள்.
தப்பியதே பெரிது என்று
ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பதினொன்றாவது, 1889.
கழுகின் காலடியில், மாலையின் முடிச்சுக்குக் கீழே
இரண்டு சி.
கார்சன் சிட்டி.

முப்பத்து நான்கு வருடம் இந்தக் கடையில் இருக்கிறேன்.
இந்த ஆண்டும் இந்த எழுத்தும் சேர்ந்து
தெருக்கதவு வழியாக வந்ததில்லை.
அவள் கையுறையை உருவிக்கொண்டிருந்தாள்.
எதையும் பார்க்கவில்லை.
ஒரு மூச்சு நேரம்.
அதற்குள் ஒரு திருடன் வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்து
எழுந்து போனான்.

"இது வேறு" என்றேன்.
"துலக்காமல் இருந்திருந்தால்
ஒரு பழைய லாரியே வாங்கியிருக்கலாம்.
இப்போது அதன் நான்கு டயர்கள் தேறும்."

அழுவாள் என்று நினைத்தேன்.
அவள் யோசித்தாள்.
"டயர் வேண்டாம்.
கிணற்று மோட்டார் உறைந்து வெடித்துவிட்டது.
அதற்குக் காணுமா?"

காணும் என்றேன்.
கொஞ்சம் கூட்டியே சொன்னேன் என்பது
அவளுக்குத் தெரியாது, என் கணக்கருக்குத் தெரியும்.

நூறு டாலர் தாள்களை எச்சில் தொட்டு எண்ணினாள்.
மற்றவற்றை டப்பாவுக்குள் போட்டாள்.
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
மூடாமல் நின்றாள்.
"பன்னிரண்டு" என்றாள்.

மேசையோரத்தில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்,
தேய்ந்தவை, துளையிட்டவை,
ஒரு காலத்தில் யாரோ சங்கிலியில் கோத்தவை.
அதற்குள் கைவிட்டுத் துழாவினாள்.
ஒளிக்கதிர் சூடிய பெண்முகம், 1923,
நெற்றியில் தார் போன்ற கறை.

"எவ்வளவு?"
"முப்பத்தைந்து."
"இந்த மூஞ்சிக்கா?"
"முப்பத்திரண்டு."
"முப்பது. பையையும் நானே கொண்டுவந்திருக்கிறேன்."
முப்பதுக்கே விட்டேன்.

கதவை நோக்கித் திரும்பியவள்
பாதியில் நின்று
அந்தக் காசின் மேல் ஒருமுறை ஊதினாள்.
பிறகு மேலங்கியின் கம்பளிக் கையால்
அழுத்தி, வட்டமாக,
தேய்க்கத் தொடங்கினாள்.

நான் எழுந்துபோய்
ஜன்னலுக்கு வெளியே
பனி வாரும் வண்டி போகிறதா என்று பார்த்தேன்.